எந்தப் பெயரால் அழைப்பது?

பங்குக் குரு ஒருவரின் கைக்கு மிகவும் பழகிப்போன பொருள் ஞானஸ்நானப் பதிவேடு. திருமணமா, பள்ளிச் சேர்க்கையா, வெளியூர்ப் பயணமா, எதுவானாலும் முதலில் அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. பழுப்பேறிய தாள்களில் முதலில் இலத்தீனிலும் பின்னர் தமிழிலும் எழுதப்பட்ட பெயர்கள். தாய் தந்தையர், ஞானத்தகப்பன், ஞானத்தாய். ஓரத்தில் ஒரு குருவின் கையொப்பம். ஒரு மனிதர் இறைவனின் பிள்ளையாகப் பிறந்தார் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தை அடுத்த ஒரு கிளைக் கிராமத்திலிருந்து மூதாட்டி ஒருவர் தம் பேரனுடைய திருமண ஓலை தொடர்பாக வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். நடவும் களையெடுப்புமாக வாழ்நாளைக் கழித்தவர். பதிவேட்டில் அவருடைய பெயரைத் தேடியபோது ஒரு புனிதையின் பெயரைக் கண்டேன். அவர் கையிலிருந்த குடும்ப அட்டையிலோ ஓர் அம்மனின் பெயர் இருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அவர் புரிந்துகொண்டார். "கோயிலுக்கு ஒரு பேரு, தாலுக்கா ஆபீசுக்கு ஒரு பேரு சாமி. புள்ளைங்க படிக்கணுமில்ல?" என்றார். சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் செத்துப்போனா எந்தப் பேரச் சொல்லி சாமி மந்திரிப்பீங்க?" என்று கேட்டார்.

அன்று நான் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது விடையல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் நம் மறைமாவட்டத்தின் வரலாற்றையே மறுபடியும் படிக்க நேர்ந்தது.

மாற்றமும் 'நான்' என்னும் உணர்வும்

வாழ்க்கையின் பெரிய மாற்றங்கள் எல்லாமே மனிதனின் தன்னுணர்வை ஒருமுறை உலுக்கிப் பார்க்கின்றன. புகுந்த வீடு செல்லும் பெண், பணி ஓய்வு பெற்று மறுநாள் காலையில் எங்கே போவதென்று தெரியாமல் திண்ணையில் அமரும் ஆசிரியர், கணவனை இழந்தவர், பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்குப் போன இளைஞர் ஆகிய எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் எழும் கேள்வி ஒன்றே: "இப்போது நான் யார்?" நேற்றுவரை பிறர் எந்தப் பெயரால், எந்த உறவால், எந்த மதிப்பால் அழைத்தார்களோ அவை இன்று இல்லையென்றால், உள்ளே இருக்கும் ஆள் அதே ஆள்தானா என்ற ஐயம் பிறக்கிறது.

சமயம் மாறுவது இத்தகைய மாற்றங்களுள் ஆழமானது. பெயர், வழிபாடு, திருநாள்கள், திருமண முறை, அடக்கச் சடங்கு எல்லாவற்றையும் அது தொட்டுவிடுகிறது. நம் பகுதியில் இம்மாற்றத்தைப் பெருமளவில் ஏற்றவர்கள், ஊரின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட ஏழை மக்கள். அவர்களுடைய 'நான்' என்னும் உணர்வு பின்னர் எப்படிச் சோதிக்கப்பட்டது? சோதித்தவர்கள் யார்? இதை நாம் நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர் மாறியவர்கள்

விவிலியத்தில் பெயர் மாற்றம் பெரும்பாலும் கொடையாகவே வருகிறது. ஆபிராம் ஆபிரகாமானார், யாக்கோபு இஸ்ரயேலானார், சீமோன் பாறையானார். புதிய பெயர் பழைய ஆளை அழிக்கவில்லை; அவருக்குள் இருந்த அழைப்பை வெளியே கொண்டுவந்தது.

பவுலைப் பற்றி மட்டும் நாம் மறையுரைகளில் அடிக்கடி ஒரு தவறு செய்கிறோம். மனம் திரும்பியதும் சவுல் பவுலாக மாறினார் என்கிறோம். திருத்தூதர் பணிகள் நூலை ஊன்றிப் படித்தால் அப்படியில்லை. சவுல் என்பது அவருடைய யூதப் பெயர். பவுல் என்பது உரோமைப் பெயர். இரண்டும் அவருக்கு உரியவை. கிறிஸ்துவை ஏற்ற பிறகும் அவர் தம்மைப் பென்யமின் குலத்தவர் என்று சொல்லத் தயங்கவில்லை. சாட்டையால் அடிக்க முயன்றபோது உரோமைக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார்; நீதி கிடைக்காதபோது சீசரிடம் மேல்முறையீடு செய்தார். திருமுழுக்கு அவருடைய குலத்தையும் பறிக்கவில்லை, குடியுரிமையையும் பறிக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நம் நாட்டில் பெயர் பற்றிய கேள்வி புதுச்சேரியிலேயே எழுந்தது. மதுரை மறைப்பணித் தளத்தில் இராபர்ட் தெ நொபிலி தொடங்கிய வழிமுறைகளைப் பற்றிய பூசல் முற்றியபோது, உரோமையின் தூதராக வந்த துர்நோன் ஆண்டகை 1703ஆம் ஆண்டு இறுதியில் புதுச்சேரியில் இறங்கினார். 1704 ஜூன் மாதத்தில் அவர் விதித்த ஆணை, ஞானஸ்நானத்தில் புனிதர்களின் பெயரையே இட வேண்டும் என்றது. அதே ஆணை, தாழ்த்தப்பட்டோர் வீடுகளுக்குள் சென்று நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் மறுக்கக்கூடாது என்றும் கூறியது. தாலி, பொட்டு முதலியவை பற்றிய விதிகளை விவாதித்த அளவுக்கு நம் வரலாற்று நூல்கள் இந்த விதியை விவாதித்ததில்லை. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இதே கடமையை மீண்டும் வலியுறுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டப் போதுமானது.

புனிதர்களின் பெயரைத் தமிழ் மக்கள் ஏற்ற விதம் அழகானது. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள்; நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் என்றனர். இறைவன் அருள்கூர்ந்தார் என்னும் பொருளுடைய யோவான், அருளப்பர் ஆனார். இறைவனே துணை என்னும் பொருளுடைய இலாசர், தேவசகாயம் ஆனார். அயல்நாட்டுப் புனிதர்கள் நம் வீட்டுத் திண்ணையில் சின்னப்பனாகவும் அருளப்பனாகவும் ஞானப்பிரகாசமாகவும் சூசையாகவும் வந்து அமர்ந்தார்கள். மாறிய மனிதன் தன் மண்ணையும் மொழியையும் இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்தப் பெயர்களே சான்று. ஆகவே, பெயர் மாறியதால் மட்டும் நம் மக்கள் தங்களை இழக்கவில்லை. இழப்பு வேறு இடத்திலிருந்து வந்தது.

1745: இரண்டு நிகழ்ச்சிகள்

1745 மே 14. தெற்கே வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டன் என்பவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தவர், எல்லாக் குலத்தாரோடும் கலந்து பழகினார். பதவி போயிற்று; எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார்; 1752 சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, அதுவரை அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. அவர் உயிரோடிருக்கையில் உதறியதை, அவர் பெயரிலிருந்து உதற நமக்கு ஏறத்தாழ 270 ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதே 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், புதுச்சேரி. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். அவர் கத்தோலிக்கர் அல்லர், வெளியிலிருந்து பார்த்தவர். சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் என்று ஒதுக்கப்பட்ட கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இதைக் கண்டு வருந்த, ஒதுக்கப்பட்ட மக்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். தாங்களும் அவருடைய பிள்ளைகள்தானே, தங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தடுப்பு என்பது அவர்களுடைய வாதம். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்து குருக்களோடு சண்டையிட்டனர்.

ஒரே ஆண்டில் நடந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் கிறிஸ்துவுக்காகத் தம் சாதி மதிப்பை இழந்தார். அவரைத் துன்புறுத்தியவர்கள் வெளியே இருந்தவர்கள். மற்றவர்களோ கிறிஸ்துவிடம் வந்தும் பழைய இழிவை இழக்க முடியவில்லை. அவர்களைத் தடுத்தவர்கள் உள்ளே, அதே நற்கருணைப் பந்தியில் இருந்தவர்கள். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயமும் சாதிக்கொரு பக்கமாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதும், அந்தத் தடுப்புகள் 1910இல்தான் அகற்றப்பட்டன என்பதும் நாம் மறக்கக்கூடாதவை.

பஞ்சமும் பழிச்சொல்லும்

விழுப்புரம், திண்டிவனம், சேத்துப்பட்டு வட்டாரங்களின் பல கிளைக் கிராமங்களில் முதியவர்களிடம், "உங்கள் குடும்பம் எப்போது வேதத்தில் சேர்ந்தது?" என்று கேட்டால், "தாது வருஷப் பஞ்சத்துல" என்பார்கள். 1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அரசின் நிவாரணப் பணிகளில் ஒரு நாள் கடும் உழைப்புக்கு ஓர் ஆளுக்குக் கிடைத்தது ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும். மரக்காணம் பக்கம் வந்து முடியும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, அந்தப் பஞ்சக் கூலிகளின் கையால் வெட்டப்பட்டதே.

அந்நாளில் புதுச்சேரி மறைத்தளத்தை லவுவேனான் ஆண்டகை வழிநடத்தினார். பாரிசு வேதபோதக சபைக் குருக்கள் தங்களால் இயன்றவரை கஞ்சித் தொட்டிகளையும் அனாதை இல்லங்களையும் நடத்தினார்கள். சேத்துப்பட்டில் தங்கி ஊர் ஊராக அலைந்து எண்ணற்ற குடும்பங்களைச் சேர்த்த தராஸ் சாமியாரின் பெயர் இன்றும் அம்மக்களின் நாவில் இருக்கிறது. 1916இல் இறந்த அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பஞ்ச காலத்திலும் அதன் பின்னும் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சேரி மக்கள்.

அவர்கள்மீது விழுந்த பழிச்சொல் நமக்குத் தெரிந்ததே: "கூழுக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள்." இதைச் சொன்னவர்களில் பிற சமயத்தார் மட்டும் இல்லை, பழைய கிறித்தவக் குடும்பங்களும் இருந்தன. பஞ்சம் தீர்ந்ததும் சிலர் விலகியது உண்மை. ஆனால் பலர் நின்றார்கள். பசிக்கு வந்தவர்கள் என்றால் பசி தீர்ந்த பின் ஏன் நின்றார்கள்? பிணத்தைப் போல நடத்தப்பட்ட ஒருவனின் வீட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரக் குரு குனிந்து நுழைந்து, பெயர் கேட்டு, நோயாளியின் நெற்றியில் கை வைத்தார். 'டேய்' என்று மட்டுமே கேட்டுப் பழகிய காதில் ஒரு புனிதரின் பெயர் விழுந்தது. அந்த மனிதன் முதன்முறையாகத் தன்னை ஒரு ஆளாக உணர்ந்திருக்க மாட்டானா? ஆண்டவரே ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த பின்தானே வாழ்வளிக்கும் உணவைப் பற்றிப் பேசினார்? வயிற்றின் பசியையும் மதிப்பின் பசியையும் பிரித்துப் பார்ப்பது வயிறு நிறைந்தவர்களின் வழக்கம்.

காகிதம் கேட்ட கேள்வி

இந்த மக்களுக்கு அடுத்த சோதனை சட்டத்தின் வழியாக வந்தது. 1936ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய அரசின் ஆணை, இந்தியக் கிறித்தவர் எவரும் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. விடுதலை பெற்ற நாட்டில் 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தைச் சார்ந்தவர் அட்டவணைச் சாதியினர் ஆகார் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். ஆனால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

இதன் பொருளை நம் ஊரிலேயே காணலாம். விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும், திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனித் தொகுதிகள். அங்கே ஒரே தெருவில், சுவரோடு சுவராக, ஒரே குலத்தைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. இருவருக்கும் ஊர்க்காரர் தரும் மரியாதை ஒன்றே, இழிவும் ஒன்றே. ஒருவர் தேர்தலில் நிற்கலாம். மற்றவர் நிற்க முடியாது. காரணம், பாட்டனார் தலையில் ஊற்றப்பட்ட ஞானஸ்நானத் தண்ணீர். பவுல் திருமுழுக்குப் பெற்ற பின்பும் உரோமைக் குடிமகனாகச் சீசரிடம் முறையிட முடிந்தது. நம் மக்களுக்கோ ஒரு கதவு திறந்தபோது இன்னொரு கதவு சாத்தப்பட்டது.

1985இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த சூசை வழக்கை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த தொழிலாளி அவர். மற்றத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறித்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டது என்று வழக்காடினார். உழைப்பாளரின் பாதுகாவலருடைய பெயரைத் தாங்கிய அந்த உழைப்பாளி தோற்றார். தீர்ப்பின் காரணம் நம்மைத் தைக்க வேண்டும். இந்து சமூகத்தில் இருந்த அதே கொடுமை, அதே கடுமையோடு கிறித்தவச் சமூகத்திலும் தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். அதாவது, அம்மக்கள் உரிமை பெற வேண்டுமானால் திருச்சபையின் பாவத்தை நிரூபித்துக் காட்ட வேண்டும்! சான்றுக்கு அவர்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை என்பது நம் வெட்கம்.

2015இல் மற்றொரு வழக்கில், தாய்ச் சமயத்துக்குத் திரும்பியவரின் சாதி உரிமைக்கு உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல்களுள் ஒன்று, அவரை அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதா என்பது. 2024 நவம்பர் 26ஆம் நாள், புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்கும் சென்றுவரும் ஒருவர் வேலைக்காக மட்டும் தம்மை இந்து என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பாயிற்று. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று இரங்கநாத் மிசுரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19ஆம் நாள் ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மூன்று தலைமுறைகள் இப்படியே காத்திருப்பில் கழிந்துவிட்டன.

இந்தக் காத்திருப்பில்தான் ஒரு மனிதருக்கு இரண்டு பெயர்கள் உண்டாகின்றன. பொய் சொல்வது நன்று என்று நான் கூற வரவில்லை. ஆனால் என் மேசைமேல் இருக்கும் பதிவேடு, இறைவன் தந்த கொடைக்குச் சாட்சியாக எழுதப்பட்ட அந்த ஒரு வரி, ஒரு தாயின் பிள்ளைகளுக்கு எதிரான சாட்சியாக மாறக்கூடும் என்ற நிலையில், அந்தத் தாய்மீது கல்லெறிய என் கை எழவில்லை.

இறையூர் நமக்குச் சொன்னது

அரசைக் குறை கூறி முடித்துவிட்டால் அது பாதி வரலாறுதான். அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்துள்ள இறையூர் (ஏறையூர் என்றும் சொல்வர்) நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பழம்பெரும் பங்குகளுள் ஒன்று. அங்கே ஒரே செபமாலை அன்னையின் பிள்ளைகளுக்குள் ஆலயத்துக்குச் செல்லும் பாதை பற்றியும், தூம்பா வண்டி பற்றியும், கல்லறை பற்றியும் வேறுபாடு நிலவியது. தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டனர். 2008 மார்ச் மாதத்தில் கலவரம் மூண்டு வீடுகள் தாக்கப்பட்டன. மார்ச் 9ஆம் நாள் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அவர்கள் எதிர்த்தரப்பைச் சேர்ந்த கிறித்தவர்கள். தவக்காலத்தில், பாஸ்கா விழாவுக்கு இரண்டு வாரமே இருந்த நேரத்தில் இது நடந்தது. இறந்தவர்களும் நம்மவர்களே, எரிந்ததும் நம்மவர் வீடுகளே.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக முன்னரே, 2003 நவம்பரில், தம்மைச் சந்திக்க வந்த தமிழ்நாட்டு ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பிரிவினையை வளர்க்கும் வழக்கங்கள் திருத்தப்பட வேண்டும் என்று வெளிப்படையாகவே எடுத்துரைத்திருந்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் முன்னேற்றத்துக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஏடுகளில் நாம் குறைவைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர்தான் பல இடங்களில் இன்னும் நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இறையூரில் சண்டையிட்ட இரு தரப்பிலும் இருந்தது அடையாளம் பற்றிய அச்சமே. ஒரு தரப்பு, "நாங்கள் இன்னும் அதே இழிவோடுதான் இருக்க வேண்டுமா?" என்று கேட்டது. மறு தரப்பு, "இவர்கள் எங்களுக்குச் சமமானால் நாங்கள் யார்?" என்று அஞ்சியது. பிறரைக் கீழே வைத்துப் பார்த்தால்தான் தன்னை அறிய முடியும் என்றால், அப்படிப்பட்ட 'நான்' மிகவும் பலவீனமானது. ஞானஸ்நானம் அந்த 'நானை'த்தான் தண்ணீரில் அமிழ்த்துகிறது. அதை அமிழ விடாமல் பிடித்துக்கொண்டதே நம் வரலாற்றின் துயரம்.

பர்னபாவின் கை

இவ்வளவும் கற்பிப்பது என்ன? மாற்றம் மனிதனின் தன்னுணர்வை உலுக்குகிறது. ஆனால் உடைப்பது மாற்றம் அல்ல. மாறியவனை ஏற்றுக்கொள்ள மறுக்கும் சுற்றமே அவனை உடைக்கிறது. "நான் யார்?" என்ற கேள்விக்குத் தனியே அமர்ந்து யாரும் விடை காண்பதில்லை. தாய் பெயர் சொல்லி அழைப்பதால்தான் குழந்தை தன்னை அறிகிறது. பஞ்சத்தில் வந்தவனைப் 'பஞ்சத்துக்கு வந்தவன்' என்றே அழைத்துக்கொண்டிருந்தால் அவன் எப்போது கிறித்தவன் ஆவான்?

மனம் திரும்பிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அவரை நம்பாமல் அஞ்சினார்கள். பழைய கூட்டத்தார் அவரைத் துரோகி என்றனர். புதிய கூட்டத்தார் உளவாளி என ஐயுற்றனர். இரண்டு கரைகளுக்கும் நடுவில் நின்ற அவரைப் பர்னபா அழைத்துக்கொண்டு போய்த் திருத்தூதர்களிடம் சேர்த்தார். அந்த ஒரு கை இல்லையென்றால் பவுலின் திருமடல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா? தமஸ்கு வழியில் ஒளி தந்தது ஆண்டவர். ஆனால் அந்த ஒளியைப் பெற்றவனுக்கு உட்கார இடம் தந்தது ஒரு சகோதரன்.

நம் பங்குகளுக்குத் தேவை இந்தக் கைதான். சட்டம் மாற வேண்டும். அதற்காக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஆம் நாள் எழும் குரலில் நம் எல்லோருடைய குரலும் சேர வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுடையது மட்டும் போதாது. ஆனால் ஆலயப் பாதையும், தேர் வரும் தெருவும், பங்குப் பேரவையின் நாற்காலியும், கல்லறைத் தோட்டமும் மாற நாம் எந்த ஆணையத்தின் அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த மூதாட்டி மறு ஆண்டு தவக்காலத்தில் இறந்தார். கல்லறையில் நான் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லி மன்றாடினேன். சுற்றியிருந்த பெண்களோ இரண்டு பெயர்களையும் சொல்லவில்லை. "அத்தே", "பெரியம்மா", "எங்கக்கா" என்று உறவைச் சொல்லித்தான் அழுதார்கள். எந்த அட்டையிலும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அந்தப் பெயர்களில் அவர் முழுமையாக இருந்தார்.

மோவாபு நாட்டில் கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துத் திரும்பிய நகோமியை அப்போது நினைத்துக்கொண்டேன். இனிமை என்னும் பொருளுள்ள தன் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டாம், கசப்பு என்னும் பொருளில் மாரா என்றே அழையுங்கள் என்று பெத்லகேம் பெண்களிடம் அவள் கேட்டாள். வாழ்க்கை அவளை அவ்வளவு மாற்றியிருந்தது. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் ஒருநாளும் அவளை மாரா என்று அழைத்ததாக ரூத்து நூலில் இல்லை. கடைசியில் குழந்தையை அவள் மடியில் கண்டபோதும் நகோமி என்றே சொல்லி மகிழ்ந்தார்கள். அவள் தன்னை மறந்தபோதும் ஊர் அவளை மறக்கவில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். இறைவன் அவரை எந்தப் பெயரால் அழைப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாம் அவரையும் அவர் பேரப்பிள்ளைகளையும் எந்த உறவால் அழைக்கிறோம் என்பதுதான் மீதமிருக்கும் கேள்வி. வரும் கல்லறைத் திருநாளன்று, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லறைகளிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அங்கே எழுதியிருக்கும் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள்.